என் மெஷினில் பேசியது

"அண்ணாச்சி, பேசல."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் போனை எடுத்ததும் சபீனா சொன்னது இதுதான். நான் அப்போது தோசையை வாயில் வைத்திருந்தேன்.

"யாரு பேசல?"

"உங்க புரோகிராம். பென் டிரைவைப் போட்டு, நீங்க சொன்ன மாதிரியே தட்டினேன். மிண்டாம கெடக்கு."

"வால்யூம் பாத்தியா?"

"அதைக்கூடப் பாக்காமலா உங்களைக் கூப்பிடுவேன்?"

"சரி, திரையில என்ன எழுதியிருக்கு? வாசி."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். 

"அது வாசிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு அண்ணாச்சி உங்ககிட்ட புரோகிராம் கேக்குறேன்?"

சபீனாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மலையாளத் தலைநகரில், அட்டக்குளங்கரையில் எங்கள் எதிர்வீடு. அவளுடைய வாப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து சாலை பஜாரில் கடை வைத்தவர். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிறாள். நான் மென்பொருள் எழுதுகிறவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை விஷயமாகப் போனில் கத்துவது தெரு முழுக்கக் கேட்கும். ஒரு நாள் நேராக வந்து கதவைத் தட்டி, "தாணுமாலயன் அண்ணாச்சி, இவ்வளவு சத்தம் போடுறீங்களே, தமிழை வாசிச்சுக் காட்டுற புரோகிராம் ஒண்ணு எழுதுவீங்களா?" என்று கேட்டாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று பெரிய வீரனைப்போலச் சொன்னேன். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினேன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை அவள். மறுநாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. ஓர் அரசு அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு உதவியாளர் வேலை. கேள்வித்தாள் தமிழில் இருக்கும். டிசம்பரோடு அவளுக்கு வயது வரம்பு தாண்டுகிறது, ஆகவே இதுதான் கடைசி. முன்பு இரண்டு தடவை எழுதியிருந்தாள். இரண்டு தடவையும் கேள்வியை வாசித்துக் காட்ட ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் தடவை வந்த பையனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நூறு கேள்வியில் அறுபத்தொன்றாவது கேள்வியைப் பாதி வாசித்தபோது மணி அடித்துவிட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்காமலே எழுந்து வந்தவள் அவள்.

இந்தத் தடவை மனுவுக்கு மேல் மனுப் போட்டு ஓர் அனுமதி வாங்கியிருந்தாள். தேர்வு நடக்கும் கல்லூரி லேபில் மலையாளமும் இங்கிலீஷும் வாசிக்கும் குரல் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. அதனால் தமிழ் வாசிக்கும் மென்பொருளை அவளே கொண்டுவரலாம். ஆனால் ஒரே ஒரு ஃபைல்தான். லேப் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது. முந்தின நாள் மாலை நாலு மணிக்குள் ஓட்டிக் காட்டி, பென் டிரைவை உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நாலு மணிக்குள் ஓடவில்லை என்றால் பழையபடி பக்கத்தில் ஆள்.

ஒரே ஃபைல்தானே என்று நான் சிரித்தேன். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவதற்குக் கருவிகள் உண்டு. கட்டினேன், என் லேப்டாப்பில் தட்டினேன், கணீரென்று பேசியது. பென் டிரைவை அவள் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்றேன். அதற்கும் அவள் சிரிக்கத்தான் செய்தாள். அந்தப் பென் டிரைவோடுதான் இப்போது லேபிலிருந்து பேசுகிறாள்.

"லேப்ல யாரு இருக்கா? போனைக் குடு," என்றேன்.

லேப் பொறுப்பாளர் கைலாஷ் போனை வாங்கினார். மலையாளி. தமிழ் பேசுவார், பாதி வழியில் மலையாளத்துக்குப் போய்விடுவார்.

"சாரே, ஒரு சின்ன கறுத்த பெட்டி வந்நு. அதில இங்கிலீஷில எழுதியிட்டுண்டு. கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல். நோ சச் ஃபைல்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வந்தது கோபம்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எந்தப் புரோகிராமும் தன் வேலை எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பொதுவான வேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் லைப்ரரிகள் என்று தனியாக இருக்கும். பல புரோகிராம்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும். எழுத்தைக் குரலாக மாற்றுவதற்கும் அப்படி ஒரு லைப்ரரி. மூட்டை கட்டும் கருவி என் புரோகிராமை வாசித்து, அது வெளிப்படையாகக் கேட்கும் லைப்ரரிகளை எல்லாம் உள்ளே எடுத்துவைத்துவிடும். குரல் லைப்ரரியையோ என் புரோகிராம் முதலிலேயே கேட்பதில்லை. ஓட ஆரம்பித்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கருவிக்கு அது தெரியாது, ஆகவே எடுத்துவைக்கவில்லை. என் லேப்டாப்பில் அந்த லைப்ரரி மூன்று வருடமாகக் கிடக்கிறது, கூப்பிட்டதும் வந்துவிட்டது. லேபில் கூப்பிட்டால் வர ஆள் இல்லை.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆபீசில் சின்னப் பிள்ளைகள் இதே தப்பைச் செய்தபோது நான் குதித்த குதி எனக்கு நினைவிருக்கிறது. இதற்கும் மேல் ஒன்று. பேசுவதற்காகவே எழுதிய புரோகிராம், பேச முடியாமல் போனபோது அதைக் கறுப்புப் பெட்டியில் இங்கிலீஷில் எழுதிக் காட்டியிருக்கிறது. யாருக்கு? சபீனாவுக்கு. பார்வையுள்ள ஒரு மடையன்தான் அப்படி எழுதுவான். அந்த மடையன் தோசைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

குரல் லைப்ரரியை என் லேப்டாப்பிலிருந்து எடுத்து மூட்டைக்குள் சேர்க்கும்படி கருவிக்குச் சொன்னேன். கட்டி முடிக்க ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் வீட்டுக்குள் நடந்தேன். என் மனைவி கௌசல்யா, "ஒரு எடத்துல இருங்களேன், தலை சுத்துது" என்றாள். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கல்லூரி, பட்டம் என்ற இடத்துக்கு அப்பால். ஓவர்பிரிட்ஜ் தாண்டும்வரை ஒரு தொல்லையும் இல்லை. ஸ்டாச்சு ஜங்ஷனில், தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ஒரு போராட்ட மார்ச். எந்தச் சங்கம், என்ன கோரிக்கை, ஒன்றும் தெரியவில்லை. கொடிதான் தெரிந்தது. இந்த ஊரில் இருபது வருடமாக இருக்கிறேன், அவசரமில்லாத நாளில் நான் ஸ்டாச்சுவில் மாட்டியதே இல்லை. ஹாரன் அடித்தேன். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பி, "சேட்டா, ஹார்ன் அடிச்சா அவங்க கோரிக்கை தீருமோ?" என்றார். ஹாரனிலிருந்து கையை எடுத்தேன்.

பதினொன்றே கால் மணிக்கு லேபுக்குள் நுழைந்தேன். பதினெட்டு கம்ப்யூட்டர். மூலையில் முதல் மெஷினுக்கு முன்னால் சபீனா ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிய பென் டிரைவைக் கொடுத்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவளே போட்டு, அவளே தட்டினாள். என் புரோகிராம் ஆரம்பித்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அவள் தலையை ஆட்டினாள்.

"டிக் வந்துச்சு."

காத்திருந்தோம். அவள் முகத்தையே பார்த்தேன். வாசிக்கும் குரல் வந்தால் அந்த முகத்தில் தெரியும். தெரியவில்லை.

கறுப்புப் பெட்டியில் இந்தத் தடவை வேறு வாசகம். அதைப் படித்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னா அண்ணாச்சி?"

"புதுசு கேக்குது."

என் லேப்டாப்பிலும் லேபிலும் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். லினக்ஸ் மெஷின் எதிலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அடிப்படை லைப்ரரி உண்டு. மற்றவை அதன்மேல்தான் நிற்கும். என் லேப்டாப்பில் இருப்பது போன வருடத்தது. லேபில் இருப்பது ஆறு வருடப் பழசு. என் புரோகிராமை ஒழுங்காகப் பழைய மெஷினுக்கும் ஒத்துவரும்படிதான் கட்டியிருந்தேன். இப்போது அவசரத்தில் பிடுங்கிச் சேர்த்த குரல் லைப்ரரி மட்டும், புது அடிப்படை இருந்தால்தான் வாய் திறப்பேன் என்கிறது. பழைய மெஷினில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. இதுவும் எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும்.

கைலாஷிடம் திரும்பினேன். "சார், இந்த மெஷின்ல அரை மணி நேரம் நான் உக்காந்து ஒரு லைப்ரரியைக் கட்டிக்கிடுதேன். அப்புறம் அழிச்சுடுதேன்."

"அது பற்றில்லா சாரே. ரூல் ரூல்தன்னே. நாளெ எக்ஸாமுள்ள மெஷினில புறத்து ஆள் தொட்டால் என்றெ ஜோலி போகும்."

"ஒரு ஆளோட வாழ்க்கை சார் இது! ரூலாம் ரூலு!"

லேபில் என் சத்தம் எதிரொலித்தது. கைலாஷ் முகம் சுருங்கிவிட்டது. சபீனா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, சத்தம் போட்டா லைப்ரரி வருமா? அவர் காலையிலேர்ந்து எனக்காகத் தொறந்து வச்சுட்டு இருக்காரு. கைலாஷ் சார், சாரி கேட்டோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதே மாதிரி பழைய மெஷின் வேற எங்க இருக்கு? அதைச் சொல்லுங்க."

எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

சாலை பஜாரில் பூதலிங்கம் என்று ஒருவர் கல்யாண அழைப்பிதழும் நோட்டீசும் அடித்துக் கொடுக்கிறார். சுசீந்திரத்துக்காரர், என் ஊர். அவர் கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆறு வருடத்துக்கு முன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். போன வருடம் அதைப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். அவர் ஏதோ கேட்க, நான் ஏதோ சொல்ல, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "கம்ப்யூட்டர் தெரியாத ஆளுக்கு எதுக்கு வேய் கம்ப்யூட்டர்? உம்ம நோட்டீசுக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். நானும் போகட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது.

"நானும் வாரேன்," என்றாள் சபீனா. "நீங்க தனியாப் போனா அங்கயும் சண்டை போடுவீங்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்டாச்சு வேண்டாம் என்று வஞ்சியூர் வழியாகச் சுற்றினேன், அங்கே கோர்ட் வாசலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன.  பாதி வழியில் அவள், "மணி என்ன?" என்றாள். பன்னிரண்டு இருபது என்றேன். கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "இப்போ?" என்றாள். பன்னிரண்டு இருபத்திரண்டு. தோளில் இருந்த அவள் கை இறுகியிருந்தது. காலையிலிருந்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அவளுக்குப் பயமாக இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

பூதலிங்கம் பசை டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், சபீனாவைப் பார்த்தார். முகத்தைச் சபீனாவின் பக்கம் வைத்துக்கொண்டார்.

"வாம்மா. உக்காரு. வெயில்ல வந்திருக்க."

நான் விஷயத்தைச் சொன்னேன்.  அவர் சபீனாவிடமே பேசினார்.

"அவருகிட்ட சொல்லும்மா. போன வருசம் புதுசு போட்டுக் குடுடேன்னு நான் கேட்டேன். இதே போதும்னு சொல்லிட்டுப் போனாரு. போதும்னா போதும்தானே, நான் அதுல ஒரு மசிரும் மாத்தல. அப்படியே இருக்கு."

"பூதலிங்கண்ணே, அன்னைக்கு நான் பேசுனது தப்பு," என்றேன்.

"அவருகிட்ட சொல்லும்மா, அதை இப்ப பேச நேரமில்ல. மெசினுல ஒரு பொண்ணு வீட்டு அழைப்பிதழ் தொறந்திருக்கு, அதைப் பத்திரமா சேமிச்சுட்டு உக்காரச் சொல்லு."

சேமித்துவிட்டு உட்கார்ந்தேன். அதே ஆறு வருடப் பழசு, அதே அடிப்படை. குரல் லைப்ரரியின் மூல நிரலை இறக்கி, அந்த மெஷினிலேயே கட்ட ஆரம்பித்தேன். கடை நெட் இழுத்து இழுத்து வந்தது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் கால் மேசைக்கடியில் தானாக ஆடியது. பூதலிங்கம் சபீனாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் என் பக்கத்தில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் சபீனா. "நாளைக்கு உள்ள இது மறுபடி மிண்டாம நின்னா, எனக்கு எப்படித் தெரியும்? லேட்டாகுதுன்னு நெனச்சு நான் பாட்டுக்குக் காத்துட்டு இருப்பேன். காலையில அப்படித்தான் பத்து நிமிசம் காத்துட்டு இருந்தேன்."

"பேச்சு வரலைன்னா எப்படிப் பேசிச் சொல்றது?"

"அந்த டிக் சத்தம் வந்துதே? அதுக்கு உங்க லைப்ரரி வேணாம்தானே? கெட்டுப்போனா மூணு தடவை டிக் அடிக்கச் சொல்லுங்க. நான் கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடுவேன்."

மூன்று வரி வேலை. நாலு மாதத்தில் எனக்குத் தோன்றாத மூன்று வரி. எழுதினேன்.

ஒன்றே முக்காலுக்கு மூட்டை தயார். அந்த மெஷினில் தட்டினேன், பேசியது. பூதலிங்கம், "அடேய்!" என்று முதல் தடவையாக என்னைப் பார்த்தே சொன்னார். எனக்குச் சந்தோஷம் பொங்கியது, ஆனால் காலையில் வாங்கிய அடி இருந்தது. லைப்ரரியைக் கட்டிய மெஷினிலேயே ஓட்டிப் பார்ப்பது என்ன சோதனை?

"அண்ணே, பில் போடுற அந்த மெஷின்ல ஒரு தடவை."

பில் மெஷினுக்குச் சபீனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தட்டினாள்.

டிக். கொஞ்ச நேரம் கழித்து, டிக், டிக், டிக்.

நான் தலையில் கை வைத்தேன். சபீனாவோ சிரித்தாள். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"ஆங், இப்பத்தான் உங்க புரோகிராம் எங்கிட்டப் பேசுது."

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. லைப்ரரி உள்ளே இருக்கிறது, ஆனால் தமிழை எப்படி உச்சரிப்பது என்ற விவரங்கள் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. அதை அது வெளியே தேடுகிறது. கட்டிய மெஷினில் அந்த ஃபோல்டர் இருந்தது, இங்கே இல்லை. அதையும் மூட்டைக்குள் வைத்து, இங்கேதான் பார், வேறு எங்கும் போகாதே என்று சொல்லிக் கட்டினேன். மறுபடி ஒன்பது நிமிடம். பூதலிங்கம் வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடாமல் வாசலில் நின்றார். "மெசினு வேலையில இருக்கு, அப்புறம் வாங்க" என்று அவர் சொல்வது கேட்டது.

பில் மெஷினில் பேசியது. கிளம்பும்போது பூதலிங்கம் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து, "டே தாணு, மெதுவாப் போ. பின்னால பிள்ளை இருக்கு" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். 

மூன்று இருபத்தைந்துக்கு லேப். கைலாஷ் உறையையும் பதிவேட்டையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார். முதல் மெஷினில் சபீனா உட்கார்ந்து தட்டினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக் சத்தத்துக்குத் தலையை ஆட்டினாள். அப்புறம் இரண்டு கையையும் ஹெட்போன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். மாதிரிக் கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்கான எண்ணைத் தட்டினாள்.

"வாசிக்குது," என்றாள்.

"மதி சாரே, போதும்," என்று கைலாஷ் பென் டிரைவை வாங்கக் கையை நீட்டினார்.

சபீனா கொடுக்கவில்லை. "நாளைக்கு எனக்கு இந்த மெஷின்தானா?"

"அது அறியான் பற்றில்லா. ராவிலெ நறுக்கெடுப்பாணு. ஏது நம்பர் கிட்டுமோ அது."

காலையில் சீட்டுக் குலுக்கித்தான் இடம் தருவார்களாம். சபீனா எழுந்து நின்றாள்.

"அப்போ பதினெட்டையும் பாத்துடலாம்."

மணி மூன்று முப்பத்தைந்து. நான் காலையிலிருந்து ஒரு தோசையும் ஒரு மோரும்தான். முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சமுள்ள மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றாலும் பதினேழு நிமிடம், நாலு மணி தாண்டினால் கைலாஷ் ஒத்துக்கொள்ள மாட்டார். என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, எல்லாம் ஒரே மாதிரி மெஷின். ஒரே நாள்ல வாங்குனது. ஒண்ணுல ஓடிச்சுன்னா எல்லாத்துலயும் ஓடும். கையெழுத்து வாங்கிட்டுப் போவோம்."

"உங்க மெஷின்லயும் ஓடிச்சே, அண்ணாச்சி."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. நான் இரண்டாவது மெஷினின் சுவிட்சைப் போட்டேன்.

நான் சுவிட்சைப் போடுவது, அவள் பென் டிரைவைச் செருகிக் கேட்பது, சரி என்பது, அடுத்தது. ஐந்தாவது மெஷினிலிருந்து கைலாஷும் சேர்ந்துகொண்டார். எனக்கு முன்னால் ஓடி ஓடி வரிசையாக எல்லாவற்றையும் போட்டு வைத்தார். சரி, சரி, சரி. அவள் நாற்காலியில் உட்காருவதைக்கூட விட்டுவிட்டு நின்றபடியே கேட்டாள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள்.

பதினான்காவது மெஷினில் நின்றாள்.

"டிக் கூட இல்ல."

டிக்கே இல்லை என்றால் புரோகிராம் ஆரம்பிக்கவே இல்லை. ஆகவே லைப்ரரி மேல் குற்றமில்லை. ஒரே ஃபைல் என்று நாம் சொன்னாலும், ஓடும்போது அது தன் மூட்டையைக் கம்ப்யூட்டரில் தற்காலிகமாக ஓரிடத்தில் அவிழ்த்து விரித்துக்கொள்ளும். விரிக்க இடம் வேண்டும். கைலாஷிடம் டிஸ்க்கைப் பார்க்கச் சொன்னேன், மெஷினுக்குள் நான் கை வைக்கக் கூடாதே. அவர் பார்த்தார். நிரம்பி வழிந்தது. யாரோ மாணவர்கள் நாற்பது சினிமாவை இறக்கி ஒளித்து வைத்திருந்தார்கள்.

"அய்யோ!" என்றார் கைலாஷ். காதெல்லாம் சிவந்துவிட்டது. "எக்ஸாம் லேபில! என்றெ கண்ணு எவிடெ இருந்நு?"

அவரே உட்கார்ந்து நாற்பதையும் அழித்தார். சபீனா மறுபடி தட்டினாள். வாசித்தது. பதினெட்டாவதை முடித்தபோது மணி நாலு ஏழு. கைலாஷ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பதிவேட்டில் மூன்று ஐம்பத்தெட்டு என்று எழுதி, உறையை ஒட்டி, அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். ரூல் ரூல்தானே என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே அவளைக் கொண்டுபோய் விட்டேன். வீட்டுக்குத் திரும்பவில்லை. கல்லூரிக்கு எதிரில் டீக்கடையில் நின்றேன், பிறகு கேட்டுக்கு வந்தேன், பிறகு மறுபடி டீக்கடை. பத்து மணிக்கு மணி அடித்தது. இந்நேரம் தட்டியிருப்பாள். டிக் வந்திருக்கும். மூன்று டிக் வந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பாள். நான் யோசிக்காமல் விட்ட இன்னொன்று, இன்னும் ஒரு லைப்ரரி, எங்காவது இருக்குமோ? மழை தூறியது. நகராமல் நின்றேன். பதினோரு மணிக்கு ஒரு வாட்ச்மேன் வெளியே வந்தபோது யாரையோ தேடுவதுபோல இருந்தது, ஓடினேன். அவர் பீடி வாங்க வந்தவர். கௌசல்யா இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் எரிந்து விழுந்தேன். பூதலிங்கம் ஒரு தடவை கூப்பிட்டார். "வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். நடுவில் சபீனா, வெள்ளைக் கோலை வேகமாகத் தட்டிக்கொண்டு. முகம் கடுகடுவென்று இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

"சபீனா," என்றேன். 

"அண்ணாச்சி, கேள்வியா போட்டிருக்கான்? எண்பதுலேர்ந்து தொண்ணூறு வரைக்கும் பூரா இலக்கணம். அதுல ரெண்டு கேள்விக்கு ரெண்டு விடை வரும், எதைப் போடுறது? நான் ரெண்டாவதைப் போட்டேன், வெளிய வந்து யோசிச்சா ஒண்ணாவதுதான் சரின்னு தோணுது. நூறும் போட்டுட்டு கால் மணி நேரம் மிச்சம் இருந்துச்சு, அப்பவே மாத்தியிருக்கணும். என் புத்தி! எழுபத்தஞ்சாவது கேள்வி இருக்கே, அது பாடத்திட்டத்துலயே இல்ல, யாராவது கேஸ் போடணும்…"

மழையில் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தாள், பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைகளைப் போலவே. புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த நம்பர் மெஷின் கிடைத்தது என்று கேட்க வாயெடுத்தேன்.

கேட்கவில்லை. "ஏறு. அந்த எழுபத்தஞ்சாவது என்ன கேள்வி, சொல்லு," என்றேன்.